பன்னிரண்டாம் எண்

நம்பாவிட்டால் போகட்டும். என் மனைவியே முதலில் நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் ராத்திரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல்.

வீட்டு வைஃபை பெட்டி புகைந்து போயிருந்தது. நான் கணக்கு வாத்தியார். மறுநாள் காலை ஆன்லைன் வகுப்பு. ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. இணைய வயரை அதில் செருகி, அதையே சர்வராக்கி வைஃபை கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். மனைவி நர்ஸ், டியூட்டிக்குப் போயிருந்தாள். ஐந்து வயது மகள் காய்ச்சலோடு உள்ளறையில் டேப்லெட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வேலை டிஎச்சிபி. வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டரே ஓர் எண் கொடுக்கும், லாட்ஜில் ரூம் சாவி கொடுக்கிற மாதிரி. மதியம் 2:40. என் போனுக்குப் பத்து. பாப்பாவின் டேப்லெட்டுக்குப் பதினொன்று. அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

2:52. பன்னிரண்டு.

திரையில் போனின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மனைவிக்குப் போன் போட்டேன்.

“வீட்டுக்கு வந்துட்டியா?”

“வார்டுல இருக்கேன். ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

பாஸ்வேர்டை மாற்றினேன். பாப்பாவின் டேப்லெட்டில் புதியதை அடித்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், பன்னிரண்டு எனக்கு முன்னால் உள்ளே வந்திருந்தது. இப்போது பெயரும் இருந்தது. பாப்பாவை நாங்கள் வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் செல்லப் பெயர்.

பக்கத்திலேயே சிக்னல் எண் ஓடும். எண் குறைந்தால் கிட்டே வருகிறது என்று அர்த்தம். உள்ளறையில் இருந்த டேப்லெட்டுக்கு 54.

பன்னிரண்டுக்கு... 81.

70. வாசல் கதவு பூட்டித்தான் இருந்தது.

62... 45... 30.

22. என் முதுகில் பட்ட காற்று நின்றது. மேலே விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

திரும்ப முடியவில்லை.

பிறகு எண் ஏறியது. 33... 40... 47. என்னைத் தாண்டிப் போகிறது.

54. அங்கேயே நின்றது.

ஓடினேன். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். அசையவில்லை. அதற்கு உள்தாழ்ப்பாளே கிடையாது. பாப்பா மாட்டிக்கொள்வாள் என்று போன மாதம் நானே கழற்றினேன்.

“பாப்பா, கதவத் திற.”

உள்ளே அவள் யாரிடமோ மெல்லப் பேசினாள்.

“அப்பா கூப்பிடறாரு... போகட்டா?”

பதில் எனக்குக் கேட்கவில்லை.

“சரி,” என்றாள்.

வரவில்லை.

தோளால் இடித்தேன். உதைத்தேன். அழுதேன். கடைசியில் ஹாலுக்கு ஓடி கம்ப்யூட்டரின் கரண்ட் வயரைப் பிடுங்கினேன். 3:21.

டக்.

கதவு தானாகத் திறந்தது. பாப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தொட்டேன். காய்ச்சல் துளியும் இல்லை. ஜில்லென்று இருந்தாள்.

டேப்லெட்டை விடமாட்டேன் என்றாள். அதோடு அவளைத் தூக்கிக்கொண்டு, 3:40க்கு வீட்டைப் பூட்டி, மனைவியின் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அன்றிலிருந்து மச்சான் வீட்டில்தான் இருக்கிறோம்.

ஒரு வாரம் கழித்து, அந்தக் கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதில் பதிவானதையெல்லாம் பார்த்தார்.

“எத்தன மணிக்கு சார் ஆஃப் பண்ணீங்க?”

“மூணு இருபத்தொண்ணு.”

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். மின்சாரமே இல்லாத கம்ப்யூட்டரில், 3:21க்குப் பிறகும் வரிகள் ஓடியிருந்தன. கடைசியில் மூன்று வரிகள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

மூன்றும் 3:40க்கு ஒன்றாகக் கிளம்பியிருந்தன.