பாதியில் நின்ற பாங்கு

சூறாவளி அடித்த அன்று எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு, தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொன்னார்கள். காற்று மிஞ்சினால் ஆண்கள் எழுந்து பாங்கு சொல்வது கல்முனைப் பக்கத்து வழக்கம். வாப்பா முன்வாசலில் நின்று, காதில் கைவைத்துச் சொன்னார். நானும் உம்மாவும் உள்ளறையில் ஒடுங்கிக் கிடந்தோம். "ஹய்ய அலல் பலாஹ்" வரைக்கும் கேட்டது. பிறகு காற்றுதான். விடிந்து பார்த்தால் முன்சுவரின் மேல் தென்னைமரம் கிடந்தது. சுவருக்கு அடியில் வாப்பா.

பாங்கின் முடிவில், அல்லாஹ் ஒருவனே என்கிற கலிமா வரும். சாகிறவர் வாயில் கடைசியாக வரவேண்டியதும் அதுதான். அது அவர் வாயில் வந்ததா இல்லையா? இந்த ஒரு கேள்வி என்னைத் தின்றது. "வாழ்நாளெல்லாம் கலிமா சொன்ன மனிசன்தானே மகள்" என்று உம்மா சொல்லுவா. சொன்னால் கேட்கிற மனசா என்னுடையது? கடைசி வார்த்தை என்ன, கடைசி வார்த்தை என்ன என்று அரித்துக்கொண்டே இருந்தது.

கல்யாணமான பிறகும் அது விடவில்லை. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கினால், அடுப்பில் கறி கருகினாலும் நான் அசையமாட்டேன். ஒலிபெருக்கியில் கடைசி வரி கேட்ட பிறகுதான் மூச்சு வரும். அயல்வீட்டுப் பெண்கள் என்னைப் பெரிய பக்திக்காரி என்று நினைத்தார்கள். பக்தியாவது மண்ணாவது, எல்லாம் பயம்.

ஒருநாள் பின்னேரத்து அஸர் பாங்கு அதே இடத்தில் அறுந்தது. என் மாப்பிள்ளை இறக்காமத்து வயலுக்குப் போயிருந்தார். யானை அடித்திருக்கும், பஸ் புரண்டிருக்கும் என்று தொடங்கி, மனசு அவரை மையத்தாக்கிக் குழியில் அடக்கியே முடித்துவிட்டது. பொழுது சாய, மனிதர் சேற்றுக் காலோடு முற்றத்தில் வந்து நின்றார். ஏன் பிந்தியது என்று கத்தினேன், அழுதேன். பாங்கு பாதியில் நின்றதால் பயந்தேன் என்றதும் சிரித்துவிட்டார்.

"கரண்ட் போனா மைக்தான்கா நிக்கும். பாங்கு சொல்ற மோதினார்ர வாயுமா நிக்கும்? அவர் சொல்லி முடிச்சிருப்பார். உனக்குத்தான் கேக்கல்ல."

சொல்லிவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

சூறாவளி அடித்த அன்றைக்கு மரம் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லையே. அவ்வளவு பெரிய தென்னை, சுவரோடு சேர்ந்து சரிந்திருக்கிறது. உள்ளறையில் இருந்த எங்களுக்குக் காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருசமும் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? வாப்பா சொல்லி முடித்திருக்கலாம். அதை நினைத்து வாய்விட்டு அழுதேன்.

முழுதாக ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். காற்று எழும்பினால் இப்போதும் முன்வாசலில் அவர் குரல் கேட்கிறது. அதே இடத்தில் வந்து நிற்கிறது. முன்பு அதோடு நானும் உறைந்து நிற்பேன். இப்போது மீதியை மெல்லச் சொல்லி, கலிமாவில் முடித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறேன்.