முழங்கை பற்றிய கேள்வி

என் மகன் பேஸ்போலில் பந்து எறிபவன். மெல்பேர்னில் விளையாடிக்கொண்டிருந்தவனுக்கு இருபத்தேழு வயதில் அமெரிக்கக் கழகமொன்றிலிருந்து ஒப்பந்தப் பேச்சு வந்தது, கூடவே ஒரு மருத்துவப் படிவமும். அந்த வயதில் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள்.

வீட்டில் படிவங்களெல்லாம் என்னிடம்தான் வரும். கையெழுத்துப் போட்டுத் தந்தவன், "முழங்கைக் கேள்வியை விடுங்கோ அப்பா. ஒருத்தரும் நிரப்புறேல்லை," என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனான்.

ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் அரச அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவன் நான். முழங்கையில் முன்பு செய்த சத்திரசிகிச்சையைத் திகதியோடு எழுதினேன். ஸ்கேன் அறிக்கையின் பிரதியை, அத்தாட்சிப்படுத்தி, இணைத்தேன்.

மூன்றாம் நாள் கழகம் நன்றி கூறி விலகிக்கொண்டது.

"அப்பீல் பண்ணேலாதோ அப்பா? உங்களுக்குத்தானே எல்லா புரொசீஜரும் தெரியும்."

கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் நம்பிக் கேட்டான்.

கழகத்துக்கு எழுதிய ஐந்து கடிதங்களுக்குப் பதில் இல்லை. இன்று ஆறாவது. முழங்கை பூரண சுகம் என்று எழுதியிருக்கிறேன். குசினி ஜன்னலுக்கு வெளியே அவன் மதிலில் பந்து எறிகிறான். ஒவ்வோர் எறிக்குப் பிறகும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.