அம்சவல்லியும் லோ வோல்ட்டும்

குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறாள் அம்சவல்லி. தஞ்சாவூரில் டிப்ளமோ முடித்தவள். டிவி ரிமோட்டில் தொடங்கி, இப்போது அறுவடை மெஷின் போர்டு வரை பார்க்கிறாள். பேச்சு குறைவு. அவசரப்படுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

போன தை மாதம் என் மெஷின் வயலிலேயே படுத்துவிட்டது. ஐந்து ஏக்கர் சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. ராத்திரிக்குள் மழை என்று செய்தி. கண்ட்ரோல் போர்டைக் கழற்றிக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

"போர்டு நல்லாத்தான் இருக்கு வீரையண்ணே. புரோகிராம்தான் அழிஞ்சிருக்கு. லேப்டாப்லேருந்து திரும்ப ஏத்திடலாம்" என்றாள். "ஆனா இது போச்சுன்னா வேற போர்டு வர நாலு நாளாகும்."

லேப்டாப்புக்கும் போர்டுக்கும் நடுவில் மாட்டுகிற அடாப்டர், தீப்பெட்டியில் பாதிதான் இருந்தது. அதில், எத்தனை வோல்ட் வேண்டுமோ அந்தப் பக்கம் மாற்றி மாட்டுகிற ஒரு குட்டித் தொப்பி. அதை 3.3 என்று போட்டிருந்த பக்கம் வைத்து, மீட்டரால் அளந்து பார்த்தாள். அதற்குள் போன் வர, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நம் பக்கத்தில் லோ வோல்ட் என்றால் பம்புசெட் மோட்டார் உறுமும், காயில் கருகும். நானே மூன்று மோட்டாரைப் பறிகொடுத்தவன். பக்கத்திலேயே 5 இருக்க, இவள் எதற்குக் கஞ்சத்தனமாக 3.3-ல் வைக்கிறாள்? தொப்பியைப் பிடுங்கி 5-ல் மாட்டினேன். உதவி செய்த திருப்தி வேறு.

திரும்பி வந்தவள் போர்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுத்துவிட்டு, முதலில் கருப்பு ஒயரை மாட்டினாள். அடுத்த ஒயரை எடுத்தபடியே, "இந்த சிப்பு மூணு பாயிண்ட் மூணுக்கு மேல தாங்காதுண்ணே. அஞ்சு போனா செத்துடும்" என்றாள்.

ஒயர் முனை போர்டை நெருங்குகிறது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் நெல் போகும்.

"நிறுத்தும்மா. தொப்பிய நான்தான் மாத்துனேன். வோல்ட் பத்தாதுன்னு..."

அவள் கை அப்படியே நின்றது. கருப்பு ஒயரையும் கழற்றிவிட்டு, தொப்பியைப் பழைய இடத்தில் மாட்டி, மறுபடி அளந்தாள். மீட்டரை என் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

"மூணு பாயிண்ட் மூணு" என்றேன்.

ஒயர்களை மாட்டினாள். லேப்டாப்பில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. நாலு மணிக்கு மெஷின் வயலில் இறங்கிவிட்டது. லோ வோல்ட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது என் வாழ்நாளில் அன்றுதான்.