மதலைமுத்து உபதேசியாரின் முகம்

சோழவந்தானைத் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊரின் முக்கில் மதலைமுத்து உபதேசியாருக்குச் சிலை இருக்கிறது என்று மதுரையில் சொன்னால், "யாரு அவரு?" என்றுதான் கேட்பார்கள். நியாயம்தான். மனிதர் வேதக்கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்த சாதாரண உபதேசியார்; போருக்குப் போனவரும் இல்லை, பாட்டுக் கட்டியவரும் இல்லை. காலரா வந்த வருஷத்தில், பெற்ற பிள்ளைகளே பிணத்தைத் தொடப் பயந்து ஓடியபோது, மாட்டு வண்டி பூட்டி, என்ன சாதி என்று கேட்காமல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் புதைத்தவர். கடைசியில் அவரையும் காலராவே கொண்டுபோனது. ஊர் அவரைச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு சிலை முளைத்ததும் ரோஷம் வந்து நினைத்துக்கொண்டது.

சிலைக்கு முகம் வேண்டுமே? படம் ஏதும் கிடையாது. வாரிசைத் தேடி ஆனையூருக்கு வந்தார்கள். கொள்ளுப்பேரன் தனிஸ்லாஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். அவரிடமும் படம் இல்லை. கூட வந்த சிற்பி மட்டும் சளைக்கவில்லை. பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளேயிருந்து வந்த மகன் ஜெய்சனைப் பார்த்தார். "இந்தச் சாடை போதும் சார்" என்று தனிஸ்லாஸின் காதோடு சொல்லி, பிற்பாடு அவனைப் பட்டறைக்கு வரவழைத்து, தலைப்பாகை கட்டி உட்காரவைத்து, சிமென்ட்டில் மார்பளவுக்கு உபதேசியாரை முடித்துவிட்டார். ஊருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. பிறகு சிற்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறு வருஷம் சமயநல்லூர் பக்கம் லாரி மோதி ஜெய்சன் செத்தான். முகம் முகமாக இல்லை. பெட்டியைத் திறக்காமலே பூசை வைத்து அடக்கம் செய்தார்கள். தாய் ஆனிமேரி கடைசியாக ஒரு தடவை மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால்தான் ஞாயிறு பூசை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுவார்கள். ஆனிமேரி பீடத்தில் ஏறி, இரும்புக் கூண்டுக்குள் கையை விட்டு, சேலை முந்தானையால் அந்த முகத்தைத் துடைப்பாள். வீட்டில் போட்டோக்கள் இருக்கத்தான் செய்தன. போட்டோவைத் தடவினால் மூக்கு தட்டுப்படுமா? "வாரிசுன்னா இப்படில்ல இருக்கணும்" என்று ஊர்க்காரர்கள் மெச்சி, டீ வாங்கிக் கொடுப்பார்கள். தனிஸ்லாஸ் கூச்சத்தோடு வாங்கிக் குடிப்பார்.

போன வருஷத் திருவிழாவில் ரேடியோ செட் கட்டியவர்களின் ஏணி சரிந்து, கூண்டுக் கம்பி உள்ளே வளைந்து சிலையின் காது உடைந்தது. விழாக் கமிட்டியின் புதுச் செயலாளர் முத்துக்குமரன் சுறுசுறுப்பான ஆள். வெண்கலத்தில் புதுசாக வைத்துவிடலாம் என்று கிளம்பியவர், வெளிநாட்டில் இருக்கும் ஒரு மிஷன் சாமியாரைப் பிடித்து, அவர்களுடைய பழைய ஆவணத்திலிருந்து படம் ஒன்றையும் வாங்கிவிட்டார். ஆனையூருக்கே வந்து செல்போனை நீட்டினார்.

"சார், ஒரிஜினல் கிடைச்சிருச்சு! பேரு போட்டிருக்கு. ஆனா மதலைமுத்துங்கிற பேருல எம்புட்டோ பேரு இருந்திருப்பாங்கல்ல? நீங்க பாத்துச் சொன்னாத்தான் கமிட்டி ஒத்துக்கும்."

பட்டையான முகம், உள்வாங்கிய கண்கள். தனிஸ்லாஸின் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தது. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. வருஷக் கணக்காகப் பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரில் தப்பைத் தப்பென்று சுழித்த மனிதர் அவர். வாசற்படியில் நின்ற ஆனிமேரியைப் பார்த்தார்.

"இவரு இல்லப்பா" என்றார். "இப்ப இருக்க முகந்தான் சரி. காதை மட்டும் ஒட்டிருங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் உங்கள் மகனுக்கா மாலை போட்டோம் என்று ஊர் கேட்குமே என்று மனிதருக்கு வெட்கம். அந்த வெட்கம்தான் குடியைக் கெடுத்தது.

திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. காது ஒட்டிய சிலையைத்தான் மறுபடி திறக்கிறார்கள் என்று நம்பி இருவரும் போனார்கள். தனிஸ்லாஸை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள். திரை விலகியது. வெண்கலத்தில், முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாக யாரோ ஒருவர் நின்றார். ஜெய்சனும் இல்லை, உபதேசியாரும் இல்லை.

"படம் அவரு இல்லைன்னுட்டீங்க. சரி, கம்பீரமாப் பண்ணிருவோம்னு முடிவெடுத்துட்டோம் சார்" என்றார் முத்துக்குமரன்.

ஆனிமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்தாள். "பழசு எங்கப்பா?"

"பின்னமான சிலைய வச்சிருக்கக் கூடாதும்மா. மாலை மரியாதையோட வைகையில விட்டுட்டோம். டேம்ல தண்ணி தொறந்திருக்காங்கல்ல, ஆழமான இடமாப் பாத்துத்தான் எறக்குனோம்."

சாமி சிலைக்குச் செய்கிற மரியாதையை உபதேசியாருக்கும் செய்த பெருமிதம் அவர் முகத்தில் இருந்தது. ஆனிமேரி மாரில் அறைந்துகொண்டாள்.

"அது என் மகன்யா! என் ஜெய்சன்யா! அவன் மொகத்தைத்தான்யா அதுல வச்சிருந்தாங்க!"

மைக் அணைந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. முத்துக்குமரன் குழம்பிப்போய் மேடையை அண்ணாந்தார். "என்ன சார் சொல்றாங்க?"

தனிஸ்லாஸ் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை கண்களும் அவர் மேல் இருந்தன. சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்லப்பா. புள்ளை போனதுலருந்து அவளுக்கு மனசு சரியில்ல."

அடப் பாவமே என்று கூட்டம் இளகியது. யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். ஆனிமேரி அதில் உட்காரவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு, புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.