ருசி பார்க்காமல் கொடுத்த சீஸ்

சமைக்கும்போது நான் ருசி பார்க்க மாட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். சாமிக்குப் படைக்குமுன் வாயில் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவள். உப்பு ஏறினதா இல்லையா என்று கொதிக்கிற வாசனையிலேயே சொல்லிவிடுவேன். இரும்புலியூரில் எங்கள் தெருவில் இதைச் சொல்லிப் பெருமையடிக்காத நாள் குறைவு.

அவருக்குச் சர்க்கரை. கண்ணில் புரை வேறு. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சோறு, இட்லி எல்லாம் பாதியாக்குங்க. பசிச்சா பனீர், சீஸ் கொஞ்சம் குடுங்க. அதுல மாவுச்சத்து கம்மி."

ரெண்டாயிரத்து அஞ்சோ ஆறோ இருக்கும். சீஸ் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் மருமகளுக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள்.

"அத்தை, சனிக்கிழமை நான் வாங்கிட்டு வரேன். எல்லா சீஸும் ஒண்ணு இல்ல. சிலதுல மாவு கலந்திருப்பான், சிலதுல சர்க்கரை. டப்பாவைப் படிச்சுப் பாத்துதான் வாங்கணும்."

"நாப்பது வருஷமா இந்த வீட்டுக்கு சாமான் வாங்கறவ நான். எனக்கு வாங்கத் தெரியாதா?" என்றேன்.

எனக்குப் படிப்பு நாலாவது வரைக்கும்தான். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். தாம்பரத்தில் புதிதாக வந்த கடையில், கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றால் அத்தனையும் இங்கிலீஷ். கட்டியாக ஒன்று, தகடு தகடாக ஒன்று, தகர டின்னில் ஒன்று, குழைவாக டப்பாவில் ஒன்று.

"என்ன வேணும் ஆயா?" என்று கடைப்பெண் கேட்டாள். ஆயா என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

"எனக்குத் தெரியும், நீ போம்மா."

சைவத்துக்குப் போடுகிற பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அது இருந்தால் போதும் என்று எனக்கு ஒரு நினைப்பு. பனீர், கட்டி சீஸ், குழைவாக இருந்த அந்த டப்பா, மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிளாஸ்டிக் டப்பா எனக்கு ஆகாது. எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றினேன். காலி டப்பாவில் ஓமவல்லித் தண்டு ஊன்றி, துவைக்கிற கல் பக்கத்தில் வைத்தேன். கட்டி சீஸின் வாடை குமட்டியது. அதனால் மற்றதை முகர்ந்து பார்க்கவும் மனசு வரவில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் அவருக்கு எடுத்து வைப்பேன்.

பனீரை அவர் தொடவில்லை. கட்டி சீஸை, "சோப்பாடி இது?" என்று தள்ளினார். குழைவானதை மட்டும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

"இந்த சீஸ் பரவால்ல. இதையே வாங்கு."

நானும் வாரம் ரெண்டு டப்பா வாங்கினேன்.

ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், சர்க்கரை இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தது. "வீட்டுல இனிப்பு ஏதாவது குடுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். மருமகள் வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"என் கையால நீங்க சொன்ன சீஸ்தான் போவுது டாக்டர். மருமகதான் சாயங்காலம் பிஸ்கட்டு வாங்கிட்டு வரா. அதுல ரெண்டு அவர் கைக்குப் போவும்போல."

அவர் கையில் அவள் பிஸ்கட் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அரை நாள் லீவு போட்டு எங்களை ஆட்டோ வைத்து அழைத்து வந்தவள் அவள்.

"படிச்ச பொண்ணுதானேம்மா நீ? இப்படியா பண்ணுவ?" என்று டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. "சரி டாக்டர்" என்றாள். ஆபரேஷன் தள்ளிப்போனது. எங்களை வீட்டில் இறக்கிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் பாத்திரம் தேய்க்கப் போட்டேன். சீஸ் வைத்திருந்த கிண்ணத்தை எறும்பு மொய்த்திருந்தது. அவர் தொடாமல் மீந்து கிடந்த பழைய கட்டி சீஸையும் அன்றுதான் வெளியே எடுத்துப் போட்டிருந்தேன்; அந்தத் தட்டில் ஒரு எறும்பு கூட இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஏலக்காயும் சர்க்கரையுமாகத் தித்தித்தது.

"ஏங்க, இது இனிப்பாச்சே!"

"ஆமா."

"தெரிஞ்சேதான் தின்னீங்களா?"

"நீ குடுத்தே, தின்னேன். நீதான் எதுலயும் தப்பே பண்ண மாட்டியே."

சாயங்காலம் மருமகளுக்குக் காபி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். "அந்த டப்பா... தித்திப்பும்மா" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"தெரியும் அத்தை. ஓமவல்லி வெச்சிருக்கீங்களே, அதுல பேர் போட்டிருக்கு. ஸ்ரீகண்ட். தயிரை வடிகட்டி சர்க்கரை போட்டுப் பண்ற வடக்கத்தி ஸ்வீட். இன்னிக்குக் காலையில துணி ஊற வெக்கும்போதுதான் பாத்தேன்."

"அப்புறம் ஏண்டி அங்க வாயைத் திறக்கல?"

"டாக்டர் முன்னாடி உங்களை எப்படி அத்தை..." என்றவள், டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போனோம். அவள் டப்பாவைப் படிப்பாள், நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கட்டி சீஸைத் துருவி, மிளகு தூவிக் கொடுத்தால் அவரும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். சர்க்கரை இறங்கியது. கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் ஒவ்வொரு தடவை போகும்போதும் டாக்டர் அவளைப் பார்த்து, "பிஸ்கட் எல்லாம் வாங்கறதில்லியேம்மா?" என்று கேட்பார். "இல்ல டாக்டர்" என்பாள் அவள். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். ஆபரேஷனுக்குள் நாலு தடவை போனோம். நாலு தடவையும் சுவரோரம் இருந்த எடை பார்க்கிற மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.