டெஸ்மண்டின் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள்

டெஸ்மண்ட் என்ட்விசிலின் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. ஆனாலும் மாதம் நான்கு டப்பா தலைமுடி ஸ்ப்ரே வாங்குவார். இங்கிலாந்தின் லங்காஷயரில், பர்ன்லி ஊர் மருந்துக்கடைப் பெண் முதலில் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ஸ்ப்ரே மரங்களுக்கு. முறுக்கிய கம்பி அடிமரம். மனைவி பெரிலின் தோட்டத்தில் காய்ந்த பூந்தண்டு கிளை. ஸ்பான்ஜைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்து, காயவைத்து, மிக்சியில் அரைத்தால் இலை. ஸ்ப்ரே அடித்து இலையைத் தூவினால் நான்கு அங்குலத்தில் ஒரு மரம் நிற்கும். மிக்சியும் பெரிலுடையதுதான். அதிலேயே கேக் மாவு அடித்துச் சர்ச்சுக்குக் கொண்டுபோன பெரில் திரும்பிவந்து கத்தினாள்.

"கேக் பச்சையா இருக்கே, பிஸ்தாவான்னு பாதிரியார் பொண்டாட்டி கேட்டா. ஆமான்னுட்டேன். சர்ச்சுக்குள்ளயே என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டியே, டெஸ்!"

முப்பத்துநான்கு வருடம் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை எழுதியவர் டெஸ்மண்ட். பேருந்து தாமதமானால் ஊரே அவரைத் திட்டியது. நேரத்துக்கு வந்தபோது ஒருவரும் பாராட்டவில்லை. மாதிரி ரயில் சங்கத்தின் பன்னிரண்டடி மேசையில் லங்காஷயர் கிளை ரயில்பாதை ஒன்று, 1957 ஜூன் மாதத்தில் இருந்தபடியே, குட்டியாக ஓடியது. இரண்டு குளிர்காலம் வீட்டில் உட்கார்ந்து செய்த இருநூற்றுப் பன்னிரண்டு மரத்தையும், தண்டவாளத்தை ஒட்டிய ரயில்சரிவு முழுக்க இந்த வசந்தத்தில் நட்டார். சனிக்கிழமை கண்காட்சி. வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் நின்று தன் வேலையைப் பார்க்கப்போகிறார்கள் என்று காத்திருந்தார்.

வியாழக்கிழமை, இடுப்பு அறுவைசிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து, சங்கச் செயலாளர் நார்மன் பிக்கப் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். அவருடைய அப்பா அதே பாதையில் தண்டவாளத்தையும் சரிவையும் பராமரிக்கும் ஆட்களின் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர்.

"என்னய்யா இது?"

"மரம்."

"ரயில்சரிவுல மரமா? அம்பத்தேழுலயா? நீராவி எஞ்சின் நெருப்புப் பொறியைக் கக்கிட்டே போகும். புல்லு கணுக்கால் உயரம் வளந்தாலே எங்கப்பா அரிவாளோட வந்து நிப்பாரு."

"அன்னிக்கு லீவுன்னு வெச்சுக்கயேன்."

"எங்கப்பா லீவே போட்டதில்ல. மரத்தைப் புடுங்கு. இல்லாட்டி மேசை கண்காட்சிக்கு வராது."

"பாதையை மூடி இருபது வருஷமாச்சுன்னு பலகை எழுதிடலாமே" என்று தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த சங்க உறுப்பினர் டிரெவர் யோசனை சொன்னார். அந்தப் பாதையில் ஓட்டச் சொந்தமாகக் குட்டி எஞ்சின் வைத்திருந்த ஐந்து பேரும் சண்டைக்கு எழுந்துவிட்டார்கள்.

"அப்ப என் எஞ்சின் எங்கடா ஓடும்? உன் வீட்டு மாடிப்படியிலயா?"

வெள்ளிக்கிழமை காலை டெஸ்மண்ட் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, முட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பெரில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"அத்தனை மரத்தையும் நெசமாவே வெட்ட நார்மனோட அப்பா கூட்டத்துக்கு எத்தனை நாளாகும்?"

"வாரக்கணக்காகும்."

"அப்ப நீ மட்டும் ஏன் ஒரே நாள்ல புடுங்கணும்?"

டெஸ்மண்ட் முட்டையைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்.

சனிக்கிழமை வெளியே மழை கொட்ட, நார்மன் மேசைமேல் குனிந்தார். சரிவின் ஓரத்தில் நான்கு மரங்கள் அடிக்கட்டைகளாகியிருந்தன. விரல்நகமளவு ஆட்கள் ஐந்து பேர். மூன்று பேர் வெட்டினார்கள். ஒருவர் தேநீர் குடித்தார். தொப்பி போட்ட ஒருவர் அவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தொப்பிக்காரர் யாரு?"

"உங்கப்பா. டீ குடிக்கறவனைத் திட்டறாரு."

நார்மன் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்றார். இரண்டு மணிநேரமாக வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மரங்களை விட்டு நகரவில்லை என்பதையும் பார்த்தார். ஆனாலும் செயலாளர் செயலாளர்தானே.

"சரி, வேலை ஆரம்பிச்சாச்சு. அடுத்த வருஷம் முன்னேற்றம் தெரியணும்."

"வருஷத்துக்கு நாலு மரம்" என்றார் டெஸ்மண்ட். அட்டவணை எழுதிய மூளை, மீதி இருநூற்றெட்டு மரத்துக்கு ஐம்பத்திரண்டு வருடம் என்று கணக்கை முடித்துவிட்டது. அவருக்கு வயது அறுபத்தாறு.

"எங்கப்பா அவ்ளோ மெதுவா வேலை செய்யமாட்டாருய்யா!"

"மழையில எப்படி வெட்டுவாரு, நார்மன்?"

"ஜூன் மாசத்துலயா மழை?"

"லங்காஷயர்ல."

நார்மன் சன்னலைப் பார்த்தார். அப்பாவைப் பற்றி எதை வேண்டுமானாலும் மறுக்கலாம். இந்த ஊர் மழையை மறுக்க முடியாது.