வெற்றிலைக் கறை, கீழே டிட்டோ

கல்கத்தா லேக் மார்க்கெட் தமிழர்களில் பாதிப் பேர் என்னைப் பல் டாக்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காய்கறிக் கடையில் நின்றுகொண்டே கடைவாயைத் திறந்து காட்டிய மாமிகள் உண்டு. நான் பல் டாக்டர் இல்லை. தொழிலாளர் உடல்நலம் படித்தவள். ஹவுராவில் ஒரு பாட்டரித் தொழிற்சாலையில் ஆட்களின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன், அதனால் என் வேலை போயிற்று. அந்தச் செய்தி வாய் மாறி வாய் மாறிக் கடைசியில் பல்லில் வந்து நின்றுவிட்டது. விளக்கம் சொல்லி அலுத்துப்போய், நானும் எட்டிப் பார்த்து, "சொத்தை மாமி, பல் டாக்டர்ட்ட போங்கோ" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

எம்.பி.பி.எஸ். முடித்துப் பொதுச் சுகாதாரம் எடுக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. எழுபதுகளில் ஒரு பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்க்க வேண்டும்.

"பிரசவம் பார்த்தா நாலு பேர் வாழ்த்துவா. நீ என்னடான்னா சாக்கடையைப் பார்க்கப் போறேங்கற," என்றாள் அம்மா.

கூடப் படித்தவர்கள் இன்னும் மோசம். அறுவைச் சிகிச்சையில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்குகிற இடம் இது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். மகப்பேறு மருத்துவத்தில் எனக்கு இடம் கிடைத்தது, நான்தான் வேண்டாம் என்றேன். இதை இன்றுவரை ஒருவரும் நம்பியதில்லை, நம்பாவிட்டால் போகட்டும். பயிற்சிக் காலத்தில் வார்டுக்குச் சில ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். மருந்து கொடுத்து, தேறியதும், எந்த இடத்தில் நோய் பிடித்ததோ அதே இடத்துக்கு அனுப்பிவைப்போம். அந்த இடம் எப்படி இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. போய்ப் பார்க்கிற டாக்டராக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

இவ்வளவு வீராப்போடு போனவள் அந்த ஹவுரா தொழிற்சாலையில் இரண்டு வருடம் என்ன பார்த்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

தினமும் டிராமில் எஸ்பிளனேடு, அங்கிருந்து பஸ்ஸில் தொங்காத குறையாகப் பாலத்தைத் தாண்டி ஹவுரா. தொழிற்சாலை டிஸ்பென்சரியில் ஒரு மேஜை, ஒரு கட்டில், பாதி நாள் ஓடாத ஒரு மின்விசிறி. பாட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடு. சல்லடை போல இருக்கும் அந்தத் தகட்டில் ஈயப் பொடியைக் குழைத்துப் பூசுவார்கள். காய்ந்ததும் அது பறக்கும். பூச்சுக் கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்கு அது மூச்சோடும் சாப்பாட்டோடும் உள்ளே போகும். வயிற்றைப் பிடித்து முறுக்கும், ரத்தத்தை வெளுக்கும், முற்றினால் மணிக்கட்டைத் தொங்கப் போட்டுவிடும். அதற்கெல்லாம் முன்னால் பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் மெல்லிய கருநீலக் கோடு ஒன்று விழும். இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.

மாதம் ஒருமுறை பூச்சுக் கொட்டகை ஆட்கள் வரிசையாக வருவார்கள். நெஞ்சு, வயிறு, வாய். வாயைத் திறந்தால் எல்லாம் பான் சிவப்பு. எனக்கு முன்னால் இருந்த டாக்டர் பதிவேட்டில் "ஈறு" என்ற பத்தியில் "வெற்றிலைக் கறை" என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே டிட்டோ, டிட்டோ என்று பக்கம் முழுக்க இரண்டிரண்டு சின்னக் கோடுகளாகப் போட்டிருந்தார். நானும் முதல் ஆளுக்கு எழுதுவேன், மற்றவர்களுக்குக் கோடு போடுவேன். ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேரைப் பார்த்து முடித்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு நாள் மத்தியானம் பூச்சுக் கொட்டகையிலிருந்து ஒருவர் தனியாக வந்தார். பெங்காலி. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர், நான் தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு நான் தீதி, அக்கா. வலது கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்கியது. தூக்கச் சொன்னேன். முகம்தான் சிவந்தது, கை எழவில்லை.

குடித்துவிட்டுக் கையை மடக்கிப் படுத்திருப்பாய், வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வா என்று மேஸ்திரி அனுப்பியிருந்தார். அப்படி எழுதினால் அன்றோடு வேலை போய்விடும், நஷ்ட ஈடும் கிடையாது. நான் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, டாக்டர்களுக்கே உரிய அந்த உபதேசக் குரலில், "பான் போடறதையும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க தாதா" என்று பெங்காலியில் சொன்னேன்.

அதுவரை கையைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பாதவர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"நான் பான் போடறதில்லை, டாக்தார் தீதி."

"எப்போலேருந்து?"

"தீட்சை வாங்கி பதினோரு வருஷமாச்சு. மீன் இல்லை, குடி இல்லை, பான் இல்லை. நான் பான் போடறேன்னு யார் சொன்னது?"

நான்தான் சொன்னேன். மாதம் தவறாமல் என் கையெழுத்தில் சொல்லியிருந்தேன். அவர் கழுத்தில் துளசி மாலை இருந்தது. ஒவ்வொரு மாதமும் அந்த மாலைக்குப் பக்கத்தில்தான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருக்கிறேன்.

பதிவேட்டைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "இந்த ரெண்டு சின்னக் கோடுதான் தாதா நீங்க. மேலே இருக்கிறவர் பான் போடறார், அதனால நீங்களும் போடறீங்கன்னு அர்த்தம்," என்றேன். அவர் அந்தக் கோடுகளை இடது கை விரலால் தொட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மருந்துச் சீட்டின் மூலையைக் கிழித்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாகச் செருகினேன். கறை பல்லில் இருந்தால் வெள்ளைக் காகிதம் அதை மறைத்துவிடும். ஈறுக்குள்ளேயே ஈயம் இருந்தால் காகிதத்தின் முன்னால் இன்னும் பளிச்சென்று தெரியும். தெரிந்தது. மேஸ்திரி கேட்ட சீட்டை எழுதாமல் அவரை அனுப்பிவைத்தேன். வெட்கமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. வெட்கத்தைவிடக் கோபம் உபயோகமானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் லேக் மார்க்கெட்டில் பல்பொடி டப்பாக்கள் வாங்கிக்கொண்டு போனேன். பூச்சுக் கொட்டகை ஆட்கள் அத்தனை பேரையும் குழாயடியில் நிற்கவைத்துப் பல் தேய்க்கச் சொன்னேன். சிரித்தார்கள், சில பேர் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். தேய்த்து முடித்து வந்தவர்களை ஒவ்வொருவராகக் காகித மூலையோடு பார்த்தேன். பான் சிவப்புக்கு அடியில் பல பேருக்கு அந்தக் கோடு இருந்தது. என்ன கோடு என்று நான் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுவிட்டது. ரத்தம் எடுத்து நான் படித்த இடத்துக்கு அனுப்பினேன். அவர்களும் ஈயம்தான் என்றார்கள்.

ஈய நஞ்சைக் கண்ட டாக்டர் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவரும் நம் ஊர்க்காரர், லேக் கார்டன்ஸில் வீடு, அப்பாவுக்குத் தெரிந்தவர். இந்த வேலைக்கே அவர் சொல்லித்தான் வந்தேன். கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினார்.

"என்னம்மா இது, குழாயடியில கூட்டம் போட்டியாமே? வயத்து வலி, நரம்புத் தளர்ச்சின்னு எழுதிடு. அவனுக்கு லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பிடலாம்."

"ஈயம்னு எழுதணும் சார்."

பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "ரெண்டு வருஷமா உன் கையெழுத்துலேயே வெத்தலைக் கறைன்னு இருக்கே. அப்போ எழுதினது தப்பா, இப்போ எழுதறது தப்பா? ஆய்வாளர் கேட்டா என்ன சொல்லுவே? உன் பேர்தாம்மா கெடும். வயசு இருக்கு, வேற இடத்துல வேலை பார்க்க வேண்டாமா?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் என் கையெழுத்துதான், அதை நானே தீட்டிக் கொடுத்திருந்தேன். ஈயம் என்று எழுதினால் இரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டேன் என்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த மனிதர் குடிகாரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு தொங்குகிற கையோடு வீட்டுக்குப் போவார்.

"அப்போ எழுதினதுதான் சார் தப்பு. அதையும் சேர்த்தே எழுதிடறேன்."

அன்று சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா ஊரில் இல்லை. அம்மா காபி கொடுத்தாள். நம்மாத்துப் பொண்ணு இப்படி முரண்டு பிடிக்கலாமா, நீங்கள் கொஞ்சம் சொல்லக் கூடாதா என்று நயமாகப் பேசினார். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த மனுஷனுக்குக் கை தூக்க வரதா?"

"அது வந்து மாமி..."

"வரலைன்னா எழுதித்தானே ஆகணும்," என்று டபராவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பிரசவம் பார்க்காதது பற்றி அவளுக்கு இருந்த குறை அதோடு தீர்ந்துவிடவில்லை. அவர் போனதும், பிரசவம் பார்த்தால் இந்த வம்பெல்லாம் உண்டா என்று ஆரம்பித்தாள்.

எழுதி அனுப்பினேன். விசாரணைக்கு வந்த ஆய்வாளர் முதலில் கேட்டது மேலாளர் சொன்ன கேள்வியைத்தான். பதிவேட்டைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். பாராமல் எழுதினேன் என்றும் சொன்னேன். அறையில் மேலாளர் இருந்தார், மேஸ்திரி இருந்தார், தாதா தொங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மடல் எரிந்தது. ஆனால் அதைச் சொன்ன பிறகு என்னிடம் பிடுங்கிக்கொள்ள அவர்களுக்கு எதுவும் மிச்சமில்லை. ஆய்வாளரையே காகித மூலையைச் செருகிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

தாதாவுக்கு ஈய நஞ்சு என்று சான்றாயிற்று. நஷ்ட ஈடும், வாசல் பக்கத்துக் கிடங்கில் தூசியில்லாத வேலையும் கொடுத்தார்கள். கொட்டகையில் தூசியை இழுக்கும் விசிறி வைத்தார்கள், கை கழுவத் தனிக் குழாய் போட்டார்கள். எனக்கு மட்டும் ஒப்பந்தம் முடிகிறது, இனி தேவையில்லை என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. பிறகு ஒரு வருடத்துக்கு மேல் யாரும் வேலை கொடுக்கவில்லை. தன் பதிவேடு தப்பு என்று தானே எழுதிக் கொடுத்த டாக்டரை எந்த முதலாளி கூப்பிடுவான்? அப்புறம் சணல் ஆலை, வார்ப்படச் சாலை என்று இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையைத்தான் பார்த்தேன், இன்னும் மூன்று இடங்களில் என்னை வெளியே அனுப்பினார்கள். ஒருமுறைகூட வருந்தியதில்லை.

என் வேலை போய் ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாதா விசாரித்துக்கொண்டு லேக் மார்க்கெட்டுக்கு வந்தார். அம்மா நாற்காலி போட்டாள். காபி டம்ளரை இடது கையால் பிடித்து, வலது கையை அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டார். மணிக்கட்டு ஒரு விரற்கடை எழுந்தது. அதை அவர் காட்டவில்லை, நான்தான் பார்த்தேன்.

புது டாக்டர் வந்துவிட்டார் என்றார். முந்தின நாள்தான் பூச்சுக் கொட்டகைக்குப் பரிசோதனை. கிடங்கு வாசலிலிருந்து பார்த்தாராம். ஒருவரும் சொல்லாமலே ஆட்கள் எல்லோரும் குழாயடிக்குப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள். முதல் ஆள் தன் மேலுதட்டைத் தானே தூக்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை எடுத்து நீட்டியிருக்கிறான். புது டாக்டர் முறைத்திருக்கிறார். அவன் நகராமல், "லிக்குன், டாக்தார் பாபு" என்றானாம். எழுதுங்கள் என்று.

"எழுதினாரா?" என்றேன்.

"எழுதினார் தீதி. ரெண்டாவது ஆளுக்குப் பேனாவை எடுத்து அந்த ரெண்டு சின்னக் கோட்டைப் போடப் போனார். அவனும் லிக்குன்னான். அவனுக்குப் பின்னால வந்தவாளும் அதேதான். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்து எழுதினார், பாவம். ஒருத்தனுக்குக்கூடக் கோடு போட விடலை."